எங்க வூட்டுல மீட்டிங்

"பழசை உடனே கொன்னுடாத சந்துரு. புதுசு மூச்சு விடுதான்னு பாத்துட்டு, அப்புறமாக் கொல்லு."

மூடிய அறைக்குள்ளிருந்து மருமகள் சந்தியாவின் குரல் கேட்டது. புதிதாகக் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமனார் நஞ்சப்பனுக்கு இது பழகிப்போன பேச்சு; சந்துரு அவளோடு வேலை பார்க்கும் பையன்.

பெங்களூர் கம்பெனி வேலையைப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனபோது, அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்த அறை அது. அவள் கொல்லச் சொல்கிற கன்டெய்னர் என்பது லாரியில் போகிற இரும்புப் பெட்டி இல்லை என்று அப்போதே அவருக்கு விளக்கியிருந்தாள்.

"ஒரு சாஃப்ட்வேரை, அது ஓடறதுக்கு வேண்டிய சாமானோட சேத்துக் கட்டின பொட்டலம் மாமா. எந்தக் கம்ப்யூட்டர்ல எறக்குனாலும் ஓடும்." அந்தப் பொட்டலங்களை இறக்கி ஓடவைப்பதுதான் அவளுக்குத் தெரிந்த தொழில். இரண்டு வரி எழுதிவிட்டால் ஒரு மணி நேர வேலை தானாக நடக்கும் என்பாள்.

தெருவில் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி அலறியது. நஞ்சப்பன் கீரையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

"அப்பால போய்க் கத்துய்யா. எங்க வூட்டுல மீட்டிங் நடக்குது."

போன கையோடு, சனிக்கிழமை கரும்பு லாரி இழுத்து அறுத்துப்போட்ட, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கறுப்பு ஒயரையும் சுருட்டிக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தார். வருகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளுமாம்.

கூடத்துக் கட்டிலில் பேத்தி, அம்மாவின் போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தத்தைக் கொறை கண்ணு. அம்மா பேசிட்டிருக்கா."

அறைக்குள் சந்தியா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினாள்.

"ஸ்டேட்டஸ்ல ஓடுதுன்னுதான் காட்டும், அதை நம்பாத. வெளிய இருந்து பாத்தா ஓடற மாதிரியே இருக்கும், உள்ள செத்துக் கெடக்கும். ஒரு வாட்டி கூப்பிட்டுப் பாரு, பதில் வருதான்னு." சற்று நேரம் காத்திருந்தாள். "வரலைன்னா லாக் ஃபைலைத் தொறந்து பாரு. கடைசி வரியில இருந்து மேல படிச்சுட்டு வா."

முன்பெல்லாம் புது சாஃப்ட்வேரை வெளியே விடும் ரிலீஸ் நாள் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததும் கூடத்துக்கு ஓடிவந்து மகளைத் தூக்கிச் சுற்றுவாள். இப்போது பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல ஒவ்வொரு நாளையும் கடத்திக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பனின் போன் அடித்தது. ஓசூரிலிருந்து மகன் திருமால். அவருக்குக் காதில் வைத்துப் பேசிப் பழக்கமில்லை, ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அப்பா, இன்னைக்கு மத்தியானம் வேலைய விடறதா எழுதிக் குடுத்துடறேன். வந்ததும் கெணத்துமேட்டுல தக்காளி போட்டுடலாம்."

ஃபேக்டரியை விட்டுவிட்டு ஊரோடு வந்து விவசாயம் பார்ப்பது அவனுடைய நெடுநாள் ஆசை. எழுதிக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போக முடியாத வேலை.

"சந்தியா என்ன சொன்னா?"

"நேத்துக் கேட்டேன். 'ம்'னு சொன்னா. அவ சம்பளம் இருக்கறப்ப நமக்கு என்னப்பா, வெள்ளாம போனாலும் வூடு ஓடிடும்."

நஞ்சப்பன் அறைக் கதவையே பார்த்தார். அதன் பின்னால் பேச்சு நின்றிருந்தது.

"வேண்டான்டா. இப்ப விடாத."

"போன மாசம் நீங்கதானப்பா விட்டுட்டு வாடான்னீங்க?"

"இப்ப வேண்டாங்கறேன். பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறான்னு ஊரு பேசும்."

அந்தப் பக்கம் திருமால் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்கு எவ்வளவு வலித்தது என்று தெரிந்தது.

அறைக் கதவு திறந்தது. "ஒரு நிமிஷம் லைன்ல இரு சந்துரு" என்றுவிட்டு, ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு சந்தியா வெளியே வந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அவர ஏன் மாமா தடுக்கறீங்க? நான் சம்பாதிக்கறது ஊருக்கு உறுத்துதுங்களா, இல்ல உங்களுக்கா?"

நஞ்சப்பன் கீரைக் காம்பை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"என் வேல கெட்டியாத்தான் இருக்குது மாமா. அவரு ஆசப்பட்டதச் செய்யட்டும்." பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

"இங்க வந்து உக்காரு சாமி" என்றார் நஞ்சப்பன். முறத்தை நகர்த்தி இடம் விட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கட்டிலில் இருக்கும் குழந்தை காதில் விழாதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நெட்டு ஒயரு சனிக்கெழமையே அந்துபோச்சும்மா. நீ ஒரு வார்த்தகூடக் கேக்கலயே."