தழும்புக்கு வெள்ளி நூல்

"இதை நான் தைக்க மாட்டேன் மேடம். வேற கடை பாத்துக்கோங்க."

பைகளில் தைக்கச் சொல்லி வந்த படத்தாளைத் தையல்காரி மேசையின் மறுபக்கம் தள்ளினாள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. பல் அதுபாட்டுக்கு நூலைக் கடித்து அறுத்தது. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனாலும் அவளுக்குப் பல்தான் கத்தரி.

எதிரே நின்ற ஹாக்கி கோச் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடை முழுக்க அவள் அணியின் பைகள்தான். எல்லாம் ஒரே நீலம், ஒரே அளவு. கோல்கீப்பரின் பை மட்டும் ஆளையே உள்ளே போட்டு மூடலாம் போல இருந்தது.

"மட்டைக்கு நீளமா ஒரு உறை, ஈர ஷூவுக்குத் தனி அறைன்னு கேட்டதெல்லாம் பிரமாதமா பண்ணிட்டீங்க. இதுக்கு மட்டும் ஏன்க்கா கோவம்?"

"பேர் போடச் சொல்லுங்க, போடறேன். இது என்ன? ஒருத்தி பைல கன்னத்துக் குழி. ஒருத்தி பைல புருவத்துல வெட்டு. ஒருத்திக்கு முன்னால நீட்டிக்கிட்டு ரெண்டு பல்லு! வயசுப் பொண்ணுங்க மேடம். நாலு பேர் பாக்கற பையில இதையா மாட்டிவிடுவீங்க?"

"எழுதற பேரை வெச்சு அவங்களை யாரும் கூப்பிடறதில்லக்கா. இதை அவங்களேதான் வரைஞ்சு குடுத்தாங்க."

"கூட இருக்கறவங்க சிரிச்சா, நாமளும் சிரிச்சுக்கிட்டே வரைஞ்சு குடுக்கத்தான் செய்வோம். உள்ளுக்குள்ள எரியறது யாருக்குத் தெரியும்?"

சொல்லும்போதே அவளுடைய இடது கை கன்னத்துக்குப் போய்விட்டது. சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் தெறித்த தழும்பு அங்கே இருந்தது. பள்ளிக்கூடமே அவளைக் 'கருகல்' என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, இன்றைக்கும் அவர்கள்மேல் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை.

கோச் அந்தக் கையைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், "அவங்க வரும்போது நீங்களே பாருங்க. ஒருத்தி முகம் சுருங்கினாலும் பிரிச்சுடலாம்" என்று முடித்துக்கொண்டாள்.

"பிரிக்கிறதா இருந்தாலும் நானேதான் பிரிப்பேன். சரி, உங்க பைல விசில் வைக்கக் குட்டியா ஒரு பாக்கெட் தைக்கட்டுமா?"

"விசில் வேணாம். கொடி வைக்கற மாதிரி நீளமா தைங்க."

"கொடியா? டீமை ரயிலேத்திவிடப் போறீங்களா?"

கோச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தையல்காரிக்குத்தான் மனசு ஆறவில்லை. தைத்துத்தான் தீர வேண்டும் என்றால், பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போகிற மாதிரி தைப்போம் என்று மெஷின் முன் உட்கார்ந்தாள். கன்னக் குழிக்கு ரோஜா நிற நூல். நெற்றிச் சுருட்டைக்குக் கறுப்புப் பட்டு. புருவத்து வெட்டுக்கு வெள்ளி நூல். தன் ஊசி எந்தப் பெண்ணையும் அழவைத்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை.

கோச்சோடு அணி வந்தபோது அவள் கடைசிப் பையின் நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டிருந்தாள்.

கடை நிறையப் பெண்கள். ஆனால் சளசளப்பு இல்லை, 'என்னுது எங்கே' என்ற அடிதடி இல்லை. கேப்டன் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், மட்டைகளும் ஷூக்களும் பந்துகளும் கைமாறிக் கைமாறித் தத்தம் பைக்குள் போய் அடங்கின. ஒருத்தி திரும்புவதற்குள் அவளுக்கு வேண்டியதை இன்னொருத்தி நீட்டினாள். அத்தனை உடம்புக்கும் ஒரே கண் இருப்பது போலத் தோன்றியது. தையல்காரி வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

பிறகுதான் அவர்கள் பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். புருவத்தில் வெட்டுப்பட்டவள் வெள்ளி நூலை விரலால் தடவினாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"போச்சு! பிரிச்சுடறேன்மா, இப்பவே பிரிச்சுடறேன்" என்று தையல்காரி ஓடினாள்.

அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் புருவத்தை விரலால் கீறிக் காட்டினாள். உடனே மற்றவர்களும் ஆளாளுக்குக் கன்னத்தைக் குத்தி, சுருட்டையை இழுத்து, பல்லைத் தட்டி ஒரே கும்மாளம்.

கேப்டன் தையல்காரிக்கு நேர் எதிரே வந்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் கையைக் கன்னத்துப் பக்கம் கொண்டுபோனாள். தையல்காரியின் கை வழக்கம்போலத் தழும்பை மூடிக்கொண்டது. ஆனால் கேப்டனின் கை கன்னத்தில் நிற்கவில்லை. பல்லுக்குப் போய், இல்லாத ஒரு நூலைக் கடித்து அறுப்பது போல வெடுக்கென்று இழுத்தது. அணி முழுவதும் அதையே செய்து காட்டியது.

"என்ன மேடம், என்னைக் கிண்டல் பண்றாங்களா?"

"இல்லக்கா. எங்க டீம்ல ஒருத்திக்கும் காது கேக்காது. ஒருத்தரோட அடையாளத்தை இன்னொருத்தர் கையால காட்டித்தான் கூப்பிட்டுக்குவாங்க. நீங்க தைச்சது பட்டப்பேர் இல்ல, அவங்க நிஜப் பேரு. இப்ப உங்களுக்கும் ஒண்ணு வெச்சுட்டாங்க."

தையல்காரி கன்னத்தை மூடியிருந்த கையை மெல்ல எடுத்து, பல்லருகே கொண்டுபோய், தன் பெயரைத் தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.