நனைந்த மூட்டை

மழையில் நனைந்த கருவாட்டுத்தூள் மூட்டையைப் பிரித்ததும் சென்னியப்பன் மூக்கைச் சுளித்தார். ஆனாலும் தூக்கிக் கொட்ட மனசு வரவில்லை. நல்ல தீவனத்தோடு கலந்து, கோழிக் கூண்டுக்கு முன்னால் இருந்த தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

"இதுல கிருமி இருக்கு," என்றது தொட்டி. "உன்னை ஒண்ணும் பண்ணாது. நீ போடுற முட்டைக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதை அரைவேக்காட்டுல தின்னா ஆளைப் படுக்கப் போட்டுடும்."

கோழி ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. ருசியில் ஒரு குறையும் இல்லை. இந்தத் தொட்டிக்கு எதையாவது சொல்லிப் பயமுறுத்துவதே வேலை என்று நினைத்துக்கொண்டு வயிறு முட்டத் தின்றது.

ஒரு வாரம் போயிற்று. கோழியின் கொண்டை சிவப்பாகவே இருந்தது, முட்டையும் தவறவில்லை. "எங்கே உன் கிருமி?" என்று தொட்டியைச் சீண்டியது.

அப்போது வந்த சென்னியப்பன், சூடு ஆறாத முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை, அழுக்கும் இல்லை.

"நம்ம பாப்பாவுக்கு ஆஃபாயில்னா உசுரு," என்று பின்னால் வந்த மனைவியிடம் நீட்டினார்.

"இப்பவாவது கத்தித் தொலையேன்," என்று கோழியிடம் கெஞ்சியது தொட்டி.

"எதுக்குக் கத்தணும்?" என்றது கோழி. "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."