இடப்பக்கம்

இடப்பக்க மார்பை எடுத்துவிட்டு வந்த செண்பகவல்லிக்கு, ஆஸ்பத்திரியில் காட்டிய சிலிக்கோன் மார்பு பிடிக்கவில்லை. தவளையைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மனைவி பேச்சிக்கனிதான் பழைய வாயில் புடவையில் ஒரு பை தைத்து, உள்ளே கம்புத் தானியத்தை நிரப்பி, வலப்பக்கத்துக்கு ஈடாக எடை பார்த்துக் கொடுத்தாள். துவைக்கும்போது மட்டும் கம்பைக் கொட்டிவிட வேண்டும். கடைசி ஊசி போட்ட அசதியில் செண்பகவல்லி நாலு நாள் எழுந்திருக்கவில்லை. ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று அவள் புருஷன் சங்கரபாண்டி, பையைக் கம்போடு சேர்த்தே அலசி, ஈரத் துண்டில் பத்திரமாகச் சுற்றி வைத்துவிட்டார். ஐந்தாம் நாள், பேச்சிக்கனி மகளின் வளைகாப்புக்குக் கிளம்பும்போது துண்டைப் பிரித்தால், தையல் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை.

“ஐயோ, கெடுத்துட்டனே! இப்ப எப்படிப் போவ?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் சங்கரபாண்டி.

ஏழு மாதமாக முடி, புருவம், நகம் என்று அவளிடமிருந்து எல்லாம் உதிர்ந்துகொண்டுதான் இருந்தன. செண்பகவல்லி பையைத் தூக்கி ஒரு தட்டில் வைத்தாள். ஒரு கை தண்ணீர் தெளித்து, ஜன்னல் வெயிலுக்கு நகர்த்தினாள். அப்படியே புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பேச்சிக்கனியின் கண் நேராக அங்கேதான் போயிற்று. “ஏட்டி, இடப்பக்கத்த எங்க?” என்று காதில் கிசுகிசுத்தாள்.

“மொளச்சிக்கிட்டு இருக்கு மதினி!” என்றாள் செண்பகவல்லி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.