ஐந்தாவது கடை

துறைமுகத் தெருவில் இருந்த பிரெஞ்சுக்காரன் காலத்து மதுக்கடைகளை ஒரே பகலில் சுற்றிப் பார்த்துவிடுவது என்று நண்பர்கள் மூவரும் கிளம்பியிருந்தார்கள். யோசனை பெலிக்ஸுடையது. ஆனால் அவன்தான் எந்தக் கடையிலும் உட்காரவில்லை. வாசலில் நின்று முகங்களைத் துழாவிவிட்டு, "அடுத்ததுக்குப் போலாம்" என்பான்.

"குடிக்க வந்தியா, ஆள் தேட வந்தியா?" என்று முருகையன் சலித்துக்கொண்டான்.

ஐந்தாவது கடையின் மூலையில், ஆறு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பெலிக்ஸின் அண்ணன் நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்தான். தம்பியைக் கண்டதும் கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"அம்மாவா அனுப்புச்சு?"

பெலிக்ஸ் எதிரில் உட்கார்ந்தான். அம்மாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஆமாண்ணே. உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லிச்சு."