நார்வேக்கு ஒரு தேனிலவு

"ஹனிமூனுக்கு ஊரே நம்ம ஊட்டிக்கு வருது. நீங்க நார்வேக்குப் போறீங்களா?" என்று சிரித்தார், குன்னூரில் டிராவல்ஸ் நடத்தும் முத்துராஜ்.

"பனி கொட்டுறதைப் பாக்கணும்னு ஆசைங்க" என்றாள் ஹன்னா.

"அங்க சுத்திப் பாக்கக் கப்பல்ல, கடல் பார்த்த ரூமாப் போடுங்க" என்றான் பக்கத்தில் இருந்த அலன்.

"கப்பல்ல தலை சுத்தும். ரயிலே போதுங்க."

"ரயில்தான் நம்ம ஊர்லயே ஓடுதே!"

இருவரும் விடுவதாக இல்லை. கல்யாணமான புதிதிலேயே இந்தச் சண்டையா என்று முத்துராஜுக்குக் கவலையாகிவிட்டது.

"போறது நீங்க ரெண்டு பேருதானே? யாராவது விட்டுக்கொடுங்க."

"நாங்க போகலீங்க" என்ற ஹன்னா, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, வெக்கப்படாம உள்ள வாங்க. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க!"

நரைத்த தலையோடு ஒருவரும், அவர் கையைப் பிடித்தபடி ஓர் அம்மாளும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள்.

"எங்க அம்மா, இவரோட அப்பா. போன ஞாயித்துக்கிழமைதான் சர்ச்ல கல்யாணம் பண்ணி வெச்சோம்."

முத்துராஜ் எழுந்து கும்பிட்டார். "அப்ப நீங்க ரெண்டு பேரும்?"

"ஒரு வாரமா அண்ணன் தங்கச்சிங்க" என்றான் அலன். "சின்ன வயசுல போட வேண்டிய சண்டையெல்லாம் பாக்கி கெடக்குதுங்க."