ஊற்று நிலையத்தில் கடைசி வண்டி

ரயில் பாதையை மூடிய நாளில் என் அப்பா ஓட்டிவந்த கடைசி வண்டி தாமதமாக வந்தது என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைச் சுமந்தபடியே அவர் கண்ணை மூடினார். எங்கள் டில்லிஸ் குடும்பத்தார் எதற்கும் தாமதமாகப் போனவர்கள் அல்லர்.

தண்டவாளத்தைப் பெயர்த்துத் தார் போட்டு, ஆற்றிலிருந்து ஊற்றுவரை சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய நானும் பள்ளித்தோழன் வெண்டலும் சனிக்கிழமைகளில் அதில்தான் போட்டி போடுகிறோம்.

"என்னம்மா பெர்னிஸ், குடும்பமே லேட்டுதானா?" என்று கேட்டபடி அவன் என்னை முந்தினான்.

"வாயை மூடிட்டு மிதிடா. மூச்சு வாங்குது பாரு."

ஆற்றுப் பாலம் தாண்டியதும் சக்கரங்களுக்கு அடியில் தடக்தடக்கென்று சத்தம் கேட்டது. தார் வழவழப்பாகத்தான் இருந்தது. நான் மிதிப்பதை நிறுத்தினேன். வேகம் கூடியது. ஓக் மரங்கள் பின்னால் பறந்தன. வாழ்நாளில் முதல்முறையாக, பொது இடத்தில் வாய்விட்டுக் கூவினேன்.

"பிரேக் பிடிக்கல, பெர்னிஸ்!"

"பிடிக்காதே! விடு!"

ஊற்றருகே, பழைய நிலைய மேடைக்கு முன்னால் சைக்கிள்கள் தாமாக நின்றன. எப்போதும் காலியாகக் கிடக்கும் மேடை நிறைய ஆட்கள். ஃபுளோரிடாவின் ஜூன் வெயிலில் கம்பளிக் கோட்டு அணிந்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் பார்த்தபடி எல்லோரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

வெண்டல் திரும்பிப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு புல்லில் இறங்கினான்.

"ஒதுங்கு பெர்னிஸ்," என்றான். "உங்கப்பா வண்டியோட வர்றாரு."