மரத்துக்கு அந்தப் பக்கம்

டத்தோ மறுபடியும் மரத்தடியில் நின்றுவிட்டார்.

அங்கிருந்து சுங்கை பினாங் அடுக்குமாடி மண்டபம் வரை சிவப்புக் கம்பளம் விரித்துக் கிடந்தது. உறுமி அடித்தவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. ‘குடும்ப ஒற்றுமை’ பற்றி முழங்க வந்த, அரசாங்கத்திடம் ‘டத்தோ’ பட்டம் வாங்கிய சிறப்பு விருந்தினரோ, கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டியவர்போல, மாலையும் கழுத்துமாக நின்றார்.

விழாச் செயலாளர் ரமணிக்கு, பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் தன் வீட்டுச் சோறு இறங்காது. ஓடினாள்.

“என்ன டத்தோ, எல்லாரும் காத்திருக்காங்க லா. வாங்க!”

டத்தோ கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். “கடைசி வரிசையில ஒரு பச்சைச் சேலை. அத மொதல்ல வெளிய அனுப்பும்மா.”

மேடை ஏறினால் மைக்கே நடுங்கும் மனிதர். ஒரு சேலைக்கா இந்தப் பாடு?

பச்சைச் சேலை, ஆறாம் மாடிக்குத் தனியாகக் குடிவந்திருக்கும் வடிவக்காவுடையது. யாரோடும் பேசாதவள். இன்றைக்குத்தான் ஒரு விழாவென்று கீழே இறங்கியிருந்தாள். மடியில் தட்டு, தட்டில் பாதி வடை.

ரமணி அவள் காதருகே குனிந்தாள். “அக்கா, டத்தோவ உங்களுக்கு முன்னயே தெரியுமா?”

“முப்பது வருசம் சமைச்சுப் போட்டேன்மா.”

டத்தோவின் மனைவி வைத்தியத்துக்காக இந்தியா போயிருக்கிறாள் என்றல்லவா ஊரே பேசிக்கொண்டது! ரமணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“கோர்ட்டு உத்தரவு. நான் இருக்கிற எடத்துக்கு அம்பது மீட்டர் கிட்ட அவரு வரக்கூடாது. ஒரு தடவ வந்து பார்த்தாரு, ராத்திரி முழுக்க லாக்கப்ல இருந்தாரு. இப்பக் கண்ணாலயே அளந்துடுறாரு பாரு.”

சொல்லிவிட்டு, தட்டைக் கீழே வைக்கப் போனாள். இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

“உங்க விழா கெட வேணாம்மா. நானே போயிடுறேன். ஒதுங்கிப் பழகின கால்தானே.”

வெளியே, டத்தோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

ரமணி எழுந்து பலகார மேசைக்குப் போனாள். திரும்பி வந்து, வடிவக்காவின் தட்டில் இன்னும் இரண்டு வடை வைத்தாள்.

“மெதுவா சாப்பிடுங்கக்கா.”